நாற்பத்துமூன்று தொட்டிகள்

வீட்டைச் சுற்றி மண் கிடக்கும்போது தொட்டியில் செடி வளர்க்கிறவள் அந்த வீட்டில் நிலைக்கமாட்டாள் என்று சொர்ணபாயிடம் முதன்முதலாகச் சொன்னது மெர்சி மைனிதான். போன அக்டோபரில், அசனப் பண்டிகைக்கு முந்தின நாள், கோவிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சபைப் பெண்கள் முப்பது பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மறுநாள் சபை முழுக்கப் பந்தியில் சாப்பிடப் போகிற சாம்பாருக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னாள். தலையை நிமிர்த்தாமல், கத்திரிக்காய்க்குச் சொல்வது மாதிரிச் சொன்னாள். “ஏட்டி சொர்ணம், பெருமாள்புரத்துல ஒம் மவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹெப்சி காப்பியெல்லாம் நல்லாத்தான் போட்டுத் தந்தா. ஆனா ஒரு செடி தரையில இல்லியே, பாத்தியா? எல்லாம் தொட்டி. தரையில நட்டவ வேர் விட்டவ. தொட்டியில வச்சவ மூட்டையக் கட்டி வச்சவ. எப்ப வேணும்னாலும் தூக்கிட்டுப் போயிரலாம்லா.” சுற்றி இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். சொர்ணபாயும் சிரித்தாள். அண்ணன் பெண்டாட்டி, வயதிலும் ஏழு வருஷம் மூத்தவள், அவள் சொன்னால் சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் சிரிக்கும்போதே கத்தி நழுவி இடது பெருவிரலில் ஒரு கீறல் விழுந்தது. கீறல் மூன்றே நாளில் ஆறிவிட்டது. பேச்சு ஆறவில்லை. அதற்குப் பிறகு ராத்திரி ஜெபத்தில் கிங்ஸ்லி, ஹெப்சி என்று மகனையும் மருமகளையும் பேர் சொல்லி ஒப்புக்கொடுக்கிற இடம் வரும்போதெல்லாம், பேருக்குப் பின்னால் ஒரு வரிசைத் தொட்டிகள் வந்து நின்றன. ஆண்டவருக்கு முன்னால் தொட்டியை எல்லாம் கொண்டுபோய் நிறுத்தலாமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. நிறுத்தினாள். நகரமாட்டேன் என்று தொட்டிகள் நின்றால் என்ன செய்வது.

இப்போது ஆடிக் காற்று அடிக்கிற சனிக்கிழமைக் காலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினவள், இது ஆறாம் நாள். ஹெப்சி எட்டேகாலுக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை அரை நாள், ஒரு மணிக்குள் வந்துவிடுவேன் அத்தை, சோறு மட்டும் வச்சிருங்க, குழம்பு இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், இன்றைக்கு முறை. சொர்ணபாய் ரப்பர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வாசலிலிருந்து பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டு வரைக்கும் நடந்தாள். எண்ணக்கூடாது என்றுதான் இருந்தாள். முன்வாசலில் பதினாறு. சந்தில் பதினெட்டு. பின்னால் ஒன்பது. நாற்பத்துமூன்று. ரோஜா மட்டுமே ஆறு, அதில் ஒன்று ஆரஞ்சும் இல்லாத சிவப்பும் இல்லாத ஒரு நிறம். கற்றாழை, கற்பூரவல்லி, பச்சைமிளகாய், பழைய பெயின்ட் வாளியில் புதினா, உடைந்த குளிக்கிற வாளியில் வெண்டை. துளசி கூட உண்டு. வேதக்காரர் வீட்டில் துளசியா என்று சபையில் ஒருத்தி கேட்டாளாம். சளிக்குக் கசாயம் வைக்க என்று ஹெப்சி சொன்னாளாம். சளியெல்லாம் மதம் பார்த்தா பிடிக்குது அத்தை என்று இவளிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கிற பெண்தான். நிலைக்காதவள் இப்படிச் சிரிப்பாளா. நிலைக்கப்போவதில்லை என்று முடிவு பண்ணினவள்தான் இப்படிச் சிரிப்பாளோ. பார், எதைச் சொன்னாலும் இரண்டு பக்கமும் பொருந்துகிறது. மைனி சொன்னது நம் காதில் விழாமல் போயிருந்தால் இந்த ரோஜா வெறும் ரோஜாவாக இருந்திருக்கும். இப்போது பார்த்தால் ஒவ்வொரு செடியும் எதையோ சொல்ல வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. இந்த வீடு சொந்த வீடு. சுற்றி மூன்றடி அகலத்துக்கு மண் விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள், நல்ல செம்மண், நேற்று விரலால் கிளறிப் பார்த்தாள், கீழே ஈரம் இருக்கிறது, மண்புழு கூட நெளிந்தது. இவ்வளவு நல்ல மண்ணில் ஒரு கொத்தமல்லி கூடப் போடாமல் அதன் தலைமேலேயே தொட்டியைத் தூக்கி வைத்திருக்கிறாளே, ஏன்?

கேட்டிருக்கலாம். ஆறு நாளாக ஒரே சமையலறையில் நிற்கிறார்கள், இவள் வெங்காயம் உரிக்க அவள் தாளிக்க, கேட்டிருக்கலாம். ஏன் மக்கா தரையில ஒண்ணும் நடலை என்று ஒரு வார்த்தை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் மெர்சி மைனியும் முப்பது பெண்களும் கத்திரிக்காயோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயம். கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. அதைப் பற்றியும் இவள் கேட்டதில்லை, கேட்கக்கூடாது என்று தனக்குத்தானே பொருத்தனை மாதிரி வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை சந்தின் மூலையில், தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், தானாக முளைத்த ஒரு பப்பாளிக் கன்றைப் பார்த்ததும் இவள் கை அதுவாகவே போய்ப் பிடுங்கிவிட்டது. பிடுங்கின பிறகுதான் யோசித்தாள். பப்பாளி இருக்கிற வீட்டில் பிள்ளை வேண்டாம் என்று இருக்கிறார்கள் என்பார்கள், அதுவும் மைனி சொன்னதுதானா, இல்லை வேறு யாருமா. காக்கை எச்சத்தில் முளைத்த கன்றுக்கு என்ன தெரியும் இவர்கள் வீட்டு விஷயம். பிடுங்கினதை மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, ஆண்டவரே மன்னியும் என்று சொன்னாள். எதற்கு மன்னிப்பு, கன்றைப் பிடுங்கினதற்கா, நம்பினதற்கா, இரண்டும் சேர்த்துத்தான்.

தெருவுக்கு அந்தப் பக்கம் கோமதி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். “என்ன ஆச்சி, டீச்சர் போயாச்சா? தோட்டத்துக்கு நீங்க பொறுப்பா?” என்றாள். நல்ல பெண், நாற்பது வயது இருக்கும். அவள் வாசலில் கேட்டுக்கு ஒட்டினாற்போல நீள இலையைச் சுருள் சுருளாக விட்டுக்கொண்டு ஒரு செடி. அது என்ன செடி என்று கேட்கவேண்டும் என்று மூன்று நாளாக இவளுக்கு ஆசை. கேட்டாள். “அதா, இன்சுலின் செடி ஆச்சி. வெறும் வயித்துல ஒரு இலை. எங்க வீட்டுல அவ்வோளுக்கும் சுகரு, எனக்கும் சுகரு. இந்தச் செடிய வாசல்ல வச்சாலும் வச்சேன், தெருவுல எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எனக்கு மட்டும் ஜாங்கிரி வைக்க மாட்டேங்கானுவோ. இலையத் தாண்டிப் போயிருதான்.” சொர்ணபாய் வாய்விட்டுச் சிரித்தாள். உண்மையைச் சொல்கிற ஒரு செடியையாவது பார்த்தாயிற்று. கோமதிக்கும் இந்தப் பேச்சு பிடித்துவிட்டது. கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். அந்தக் காகிதப்பூ வீடு இருக்கே, மாமியார் இல்லாத வீடு, மாமியார் இருந்தா முள்ளுச்செடிய வாசல்ல ஏறவிடுவாளா. அந்தக் குரோட்டன்ஸ் வீடு, அங்க மூணு பேரும் துபாயில, சமையல் கிடையாது, அதான் ஒரு மொளகாச்செடி கூட இல்ல. கடைசி வீட்டுல விதவிதமாக் கள்ளி வளக்கா பாருங்க, புருஷனும் பொண்டாட்டியும் பேச்சு கிடையாது. “யாரு சொன்னா?” என்று சொர்ணபாய் கேட்டாள். “சொல்லணுமா ஆச்சி? கள்ளி வளக்கான்னா பேச்சு கிடையாதுன்னுதானே” என்றாள் கோமதி. பிறகு வாளியை எடுத்துக்கொண்டே, “தம்பி வந்திருந்தாரு போல, ஞாயித்துக்கிழமை வண்டி நின்னுச்சு. ரொம்ப நாளாச்சு பாத்து” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கம்பெனியில் ஷிப்டு, தூத்துக்குடியிலேயே ரூம் எடுத்திருக்கான், வாரக்கடைசிக்குத்தான் வருவான் என்று இவள் மூடின இரும்புக் கேட்டிடம் சொன்னாள், ஏனென்றால் கோமதி போய்விட்டிருந்தாள்.

காகிதப்பூவுக்கு மாமியார் கிடையாது. குரோட்டன்ஸுக்குச் சமையல் கிடையாது. தொட்டிக்கு? கோமதி இந்த வீட்டைப் பற்றி மற்றவர்களிடம் என்ன சொல்வாள், இதோ என்னிடம் மற்றவர்களைப் பற்றிச் சொன்னது போல, கையை நீட்டி, அந்தத் தொட்டி வீடு இருக்கே. நாற்பத்துமூன்று தொட்டியை எடுத்துப் போக ஒரு லாரி வேண்டும் என்று ஒரு சமாதானம் வந்தது. ஒரு நாலு தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் முன்னால் ஒன்றை நிறுத்தி வைத்துக்கொண்டு ஹெப்சி போகிற மாதிரி அதற்குப் பின்னாலேயே ஒரு காட்சி வந்தது. துப்பட்டா காற்றில் அடிக்க, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கிங்ஸ்லி அப்போது எங்கே நிற்பான். வாசலில் நிற்பானா. அவன் நிற்கிற இடம் அந்தக் காட்சியில் கிடைக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், வாய் திறக்கமாட்டான், பசித்தால்கூட அடுக்களை வாசலில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான், முகத்தைப் பார்த்து நாமாகத் தெரிந்துகொண்டு சோறு போடவேண்டும். அவனை விட்டுவிட்டு இந்தப் பெண் போய்விட்டால் அவன் முகத்தைப் பார்த்துச் சோறு போட யார் இருக்கிறார்கள். இந்தத் தடவை ஞாயிறும் திங்களும் இருந்தான். எம்மா, மருந்து சாப்பிடுதியா என்று கேட்டான். செவ்வாய்க்கிழமை விடிய டபுள் ஷிப்டு என்று போய்விட்டான். கொடியில் அவன் சட்டை ஒன்றும் காயவில்லை. அங்கேயே துவைத்துக்கொள்வான் போலிருக்கிறது, நல்ல பையன், பெண்டாட்டிக்கு வேலை வைக்காமல். போகும்போது ஹெப்சி வாசலுக்கு வரவில்லை. சொர்ணபாய் அதைக் கவனித்தாள். கவனித்ததும் தொட்டிகளைப் பார்த்தாள். ஹெப்சிதான் அவன்மேலிருந்து மனசை எடுத்துவிட்டாள் என்று அன்றைக்கே உள்ளே ஒரு குரல், மைனி குரலில்.

ஒரே ஒரு செடியைத் தரையில் நட்டுவிட்டால் என்ன. யோசனை அப்படித்தான் வந்தது, யாரோ பின்னாலிருந்து முந்தானையை இழுத்த மாதிரி. குழாயை மூடினாள். நாற்பத்துமூன்றில் ஒன்று. வேர் விட்டவள் ஆகிவிடுவாள் அல்லவா. சொர்ணபாய் சந்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினாள். ஆண்டவரே, இது மூடநம்பிக்கை இல்லை, செடிக்கும் தரைதான் நல்லது, உமக்குத் தெரியும், நீர்தான் தரையில் வைத்தீர், தொட்டியில் வைத்தது நாங்கள். போதகர் ஐயா சகுனம் பார்க்கக்கூடாது என்று எத்தனை பிரசங்கம் பண்ணியிருக்கிறார். இது சகுனம் பார்க்கிறது இல்லை. சகுனத்தை மாற்றுகிறது. அது அதைவிட மோசமோ. கண்ணைத் திறந்தபோது எதிரில் கறிவேப்பிலை நின்றது. பின்கட்டில் சிமென்ட்டுத் தொட்டியில், இவள் தோள் உயரத்துக்கு, இலை பளபளவென்று. இதுதான் சரி. கறிவேப்பிலை மரமாகிற ஜாதி. மரத்தை யாரும் தூக்கிக்கொண்டு போகமுடியாது. சின்ன மண்வெட்டியை எடுத்துத் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு குழி வெட்டினாள், முழங்கால் வலித்தது, அறுபத்துமூன்று வயதுக்கு இது போதும். பிறகு தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தாள். சாயவில்லை. கனம் என்று நினைத்தாள். பக்கத்தில் அதே அளவுத் தொட்டியில் மாதுளை இருந்தது, அதைச் சாய்த்துப் பார்த்தாள், அது முனகிக்கொண்டு சாய்ந்தது. கறிவேப்பிலை மட்டும் அசையவில்லை. ஆட்டிப் பார்த்தாள், பல்லை ஆட்டுகிற மாதிரி. மண்வெட்டிக் காம்பை அடியில் கொடுத்து நெம்பினாள். இன்னும் ஒரு தடவை, உடம்புக் கனத்தையெல்லாம் காம்பின்மேல் போட்டு. மடக் என்று ஒரு சத்தம். எலும்பு முறிகிற மாதிரி, தன் எலும்போ என்றுதான் முதலில் பயந்தாள். தொட்டி சாய்ந்துவிட்டது. குனிந்து பார்த்தாள். அடியில் தண்ணீர் வடிய விட்டிருந்த துவாரத்தை முழுக்க அடைத்துக்கொண்டு பெருவிரல் கனத்துக்கு ஒரு வேர் வெளியே வந்திருந்தது. முறிந்திருந்தது. மீதி வேர் தரையில். முறிந்த இடம் வெள்ளையாக, ஈரமாக. அதிலிருந்து இலையின் வாசம், இலையைவிடப் பத்து மடங்கு, காற்று முழுக்க.

சொர்ணபாய் தண்ணீர்த்தொட்டி மூடியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கை எரிந்தது. அப்படியானால் இது எப்பவோ இறங்கிவிட்டிருக்கிறது. யாருக்கும் சொல்லாமல், துவாரம் வழியாக, கீழே. ஹெப்சிக்குத் தெரியுமோ என்னவோ. மைனி சொன்ன சாஸ்திரப்படி இது எந்தக் கணக்கு, தொட்டிக் கணக்கா தரைக் கணக்கா. மைனியைக் கூப்பிட்டுக் கேட்கலாம் போல ஒரு சிரிப்பு வந்தது, வந்து பாதியில் நின்றது. மைனிக்கு என்ன தெரியும். மைனிக்கு என் பிச்சிக்கொடியைப் பற்றி என்ன தெரிந்தது. தொண்ணூற்றாறில், கிங்ஸ்லிக்கு ஏழு வயது, புருஷன் செல்லத்துரை இவளோடு பேசுவதை நிறுத்தின வருஷம். சண்டை ஒன்றும் இல்லை. மில் வேலைக்குப் போவார், வருவார், வைத்ததைச் சாப்பிடுவார், முன்னறைக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பேச்சு மட்டும் இல்லை. ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் இல்லை, ஒன்றரை வருஷம். அந்த வருஷம்தான் கிணற்றடியில் பிச்சி பூத்தது, முன்னும் பின்னும் அப்படிப் பூத்ததில்லை, சாயங்காலம் ஆனால் தெருமுனை வரை வாசம். ஏன் பூத்தது என்று இவளுக்குத்தான் தெரியும். வேலையெல்லாம் முடிந்தபிறகு, பேச ஆள் இல்லாமல், போய்ப் போய் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். பழுத்த இலையைக் கிள்ளினாள், பந்தலில் ஒவ்வொரு கொடியாக எடுத்துவிட்டாள், நாலு வார்த்தை பேசியும் இருப்பாள். கோவிலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சரம் சரமாகக் கட்டிக் கொடுத்தாள். அப்போதும் இதே மெர்சி மைனிதான், பிச்சியைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: “வீட்டுக்காரி மனசு குளுந்திருந்தாத்தான் பிச்சி இப்படிச் சிரிக்கும். எங்க செல்லத்துரை ஒன்னயத் தங்கமா வச்சிருக்காரு பிள்ள.” இவள் ஆமாம் என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் இன்னும் இரண்டு வாளி ஊற்றினாள். பிறகு ஒரு மத்தியானம் சாம்பாரில் உப்பு கூடிப்போச்சு என்றார் அவர். அப்படித் திரும்பவும் பேச்சு வந்தது. ஏன் நின்றது என்று இவள் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி நின்றுவிடுமோ என்று கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், பிள்ளை தூங்கட்டும், பண்டிகை கழியட்டும் என்று தள்ளித் தள்ளி, அவர் கல்லறைக்குப் போயே ஒன்பது வருஷமாகிறது. என்ன தப்பு செய்தோம் என்று இன்றைக்கும் தெரியாது. பாத்திரம் கழுவும்போது திடீரென்று தோன்றும், அதுவாக இருக்குமோ, இதுவாக இருக்குமோ.

போன வருஷம் ஈஸ்டருக்கு இந்த வீட்டுக்கு வந்தபோது எத்தனை தொட்டி. சொர்ணபாய் மூடியின்மேலிருந்தபடியே நினைத்துப் பார்த்தாள். ஐந்து. வாசல்படிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரோஜா, இந்தக் கறிவேப்பிலை, மாதுளை, ஒரு துளசி, அவ்வளவுதான். அக்டோபரில் மைனி வந்தபோது வரிசையாக இருந்திருக்கிறது. இப்போது நாற்பத்துமூன்று. ஒவ்வொன்றுக்கும் பழுத்த இலை கிள்ளியிருக்கிறது. ஒவ்வொரு ரோஜாவுக்கும் குச்சி ஊன்றி, பழைய சேலைக் கிழிசலால், அழுத்தாமல், எட்டு போட்ட மாதிரிக் கட்டியிருக்கிறது. இவ்வளவுக்கும் நேரம் எங்கே கிடைத்தது ஒரு டீச்சருக்கு. சாயங்காலங்கள். சாயங்காலங்கள்தான். எழுந்து உள்ளே போனாள். செருப்பு வைக்கிற தட்டில் ஹெப்சியின் செருப்பு மூன்று ஜோடி, இவளுடையது ஒன்று. அவனுடையது ஒன்றும் இல்லை, மழைக்குப் போடுகிற பழைய ரப்பர்ச் செருப்புகூட இல்லை. படுக்கையறை அலமாரியைத் திறக்கலாமா, திறக்கக்கூடாது, மருமகள் அலமாரி. பூட்டவில்லை. திறந்தாள். இடது பக்கம், அவன் துணி வைக்கிற தட்டுகள் நாலும் காலி. நாலு தட்டிலும் புதுப் பேப்பர் விரித்து, மடிப்புக்கூடக் கலையாமல், காலி. ஷிப்டுக்குப் போகிறவன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு சூட்டை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறான். கதவை மெதுவாகச் சாத்தினாள், உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி. காகிதப்பூ வீடு, குரோட்டன்ஸ் வீடு, கள்ளி வீடு, பிச்சி, பப்பாளி. கோமதி சொன்னதும் மைனி சொன்னதும் எல்லாம் பொம்பளையைப் பற்றித்தான். அவள் அடங்காதவள், அவள் சமைக்காதவள், அவள் பேசாதவள், அவள் நிலைக்காதவள். ஆம்பளையைப் பற்றிச் சொல்ல இந்த ஊரில் ஒரு புல்கூட முளைக்கவில்லையா. மகன் பிரிந்துபோய் நிற்கும்போது மருமகளின் தொட்டியை எண்ணிக்கொண்டிருந்தேனே ஆண்டவரே, ஆறு நாளாக.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோது மணி ஒன்று ஆகவில்லை. சோறு வைக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஹெப்சி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சந்து வழியாகப் பின்கட்டுக்கு வந்தாள், சாய்ந்த தொட்டியையும் குழியையும் மண்வெட்டியையும் பார்த்தாள், பிறகு அத்தையின் கையைப் பார்த்தாள்.

“என்ன அத்தை இது, புதையல் தேடுனீங்களா?”

“தரையில நடலாம்னு பாத்தேன் மக்கா. வேரு ஒடிஞ்சிட்டு.”

“அது போகாது, எமகாதகச் செடி. பக்கத்துலயே இன்னொரு முளை வரும். கையக் காட்டுங்க.” தண்ணீரைத் திறந்து இவள் உள்ளங்கையைக் கழுவிவிட்டாள். “திடீர்னு ஏன் தரையில?”

சொர்ணபாய்க்கு அந்த நேரம் பொய் ஒன்றும் வரவில்லை. மெர்சி மைனி சொன்னதை அப்படியே சொன்னாள், மூட்டையைக் கட்டி வைத்தவள் வரைக்கும். ஹெப்சிக்குச் சிரிப்பு வந்தது. “மெர்சி பெரியம்மா என்கிட்ட ரெண்டு ரோஜாத்தொட்டி வாங்கிட்டுப் போனாங்களே, அவங்க எங்க கிளம்புதாங்களாம்? நகத்துறதுக்காகத்தான் அத்தை தொட்டி. சித்திரையில இந்தப் பக்கச் சுவரு அடுப்பு மாதிரி. தொட்டின்னா தள்ளி வச்சிரலாம். தரையில இருந்தா நின்னு கருகத்தான் செய்யணும்.” அவ்வளவுதான் காரணம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் செவ்வாய்க்கிழமையே கிடைத்திருக்கும்.

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சொர்ணபாய் அதை மூடினாள். மூடிய பிறகு அந்த அமைதியில் கேட்பது இன்னும் கடினமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

“அவன் எப்பப் போனான்?”

“செவ்வாக்கிழமைதானே அத்தை, நீங்கதான்…”

“அது இல்ல. அலமாரியப் பாத்தேன். தப்புத்தான், பாத்துட்டேன்.”

ஹெப்சி ஸ்கூட்டர்ச் சாவியை ஒரு விரலில் இருந்து இன்னொரு விரலுக்கு மாற்றினாள். கறிவேப்பிலை வாசம் மட்டும் இருந்தது.

“பிப்ரவரியில” என்றாள். “அதுக்கு முந்தியே ஒரு வருஷமா பேச்சு இல்ல. உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னாரு. நீங்க வந்தா ரெண்டு நாள் வந்து இருப்பேன்னாரு, வந்தாரு. வாக்குத் தவறல.”

“ஒம்மேல என்ன குத்தம் சொன்னான்?”

“ஒண்ணுமே சொல்லல அத்தை. மூச்சு முட்டுதுன்னாரு, அவ்வளவுதான். கோவப்பட்டிருந்தாலாவது பரவால்ல. ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட எதுக்குன்னு தெரிஞ்சிருக்கும்.” அவள் குரல் உடையவில்லை. வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரல். “பாத்திரம் கழுவும்போது நினைப்பேன், அதுவா இருக்குமோ, இதுவா இருக்குமோன்னு.”

சொர்ணபாய்க்கு ஒரு நிமிஷம் பேசியது யார் என்று தெரியவில்லை. தன் வாய்தான் அசைந்ததோ என்று உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். அப்பனும் இப்படித்தான், மகனும் இப்படித்தான் என்று சொல்லி இந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழலாம். அழுதால் நன்றாகத்தான் இருக்கும், இரண்டு பேருக்கும். ஜெபம் பண்ணலாம், அதையும் பண்ணலாம். ஆனால் அழுகையும் ஜெபமும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பண்ணியாயிற்று, அந்தக் கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது, கேட்க வேண்டியவர் மண்ணுக்குள் போய்விட்டார். இவன் உயிரோடு இருக்கிறான். ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். திட்டப் போவதில்லை. திரும்பி வா என்றும் சொல்லப் போவதில்லை, வருவதும் வராததும் அவனும் ஹெப்சியும் பார்த்துக்கொள்ள வேண்டியது. என்ன என்று கேட்கவேண்டும். பிள்ளை முகத்தைப் பார்த்து நாமாகத் தெரிந்துகொண்டு சோறு போட்டது போதும், அவனே வாயைத் திறந்து சொல்லட்டும், இந்தப் பெண் காதில் விழும்படி சொல்லட்டும். ஆனால் உள்ளங்கை இன்னும் ஈரம், கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை, அந்தப் போனில் எதைத் தொட்டால் எது வரும் என்பது எப்போதுமே இவளுக்குப் பிடிபட்டதில்லை.

“ஹெப்சி” என்றாள். “அவன் நம்பரப் போட்டு, பேசுறது ரெண்டு பேருக்கும் கேக்குற மாதிரி வச்சு, எங் கையில குடு.”